எலிக்கும் எலிக்கும் நடுவுல ஒரு கம்பிவலை

ஞாயித்துக்கிழமை பதிவு வந்தாச்சு. இந்த வாரம் எலி மேட்டர். தட்டு கையில இருந்தா சாப்பிட்டு முடிச்சுட்டு வாங்க, பதிவு எங்கயும் ஓடிடாது :-)

முதல்ல ஒரு பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். கினி பிக்னு சொல்றாங்களே, அது பன்னியும் இல்ல, கினியாவுல இருந்து வந்ததும் இல்ல. தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலைக்காரங்க பல ஆயிரம் வருஷமா கறிக்காக வளர்த்த பிராணி. பெருவுல இன்னைக்கும் அதுக்குப் பேரு 'குய்', இன்னைக்கும் தட்டுல வரும். எலி, அணில் மாதிரி இதுவும் கொறிக்கிற ஜாதி. நம்ம பக்கத்துல இதுக்கு நேர் எதிர்க் கூத்து ஒண்ணு உண்டு. பெருச்சாளிக்கு இங்கிலீஷ்ல 'பேண்டிகூட்'னு பேரு. அது தெலுங்கு 'பந்திகொக்கு'ல இருந்து போன வார்த்தை. அர்த்தம், பன்னி எலி! ஆக ரெண்டு ஊர்லயும் எலியைப் பாத்தவன் பன்னின்னுதான் சொல்லியிருக்கான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் குடியிருக்கிற ஷெஃபீல்டு வீட்டுப் பின்பக்கத் தோட்டத்துல ஒரு மரக்கூண்டு, அதுக்குள்ள மூணு கினி பிக். ஓனரம்மாவோடது. அவங்க மக வீட்டுக்கு 3 வாரம் போயிருக்காங்க. மூணும் இப்ப என் பொறுப்பு. போன வாரம் கூண்டுக்கு அடியில மண்ணுல ஒரு வளை, 7 சென்டிமீட்டர் அகலம். பக்கத்துல புதுசா தள்ளின மண்ணு. கூண்டோட ஒரு மூலைக் கட்டையில பல்லுத் தடம். வெளிப்பக்கத்துல இருந்து கடிச்ச தடம்.

இந்த ஊர்ல தோட்டத்துக்கு வர்றது பழுப்பு எலி. 'நார்வே எலி'ன்னு அறிவியல் பேரு வச்சிருக்காங்க, ஆனா பூர்வீகம் ஆசியா. பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது 18-ம் நூற்றாண்டுல. வளந்தது 200-ல இருந்து 500 கிராம் வரைக்கும் இருக்கும். வளந்த கினி பிக் ஒரு கிலோ பக்கம். அப்ப பெருசு ஜெயிக்கும்னு நினைக்காதீங்க. கினி பிக்குக்கு சண்டை போடத் தெரியாது. பயந்தா சிலையாட்டம் நிக்கும், இல்லாட்டி மூலையில போய் ஒண்டிக்கும். எலி கடிச்சா காயம் பட்டுச் சீழ் பிடிக்கும். குட்டின்னா உயிரே போயிடும், பொறக்கும்போது 100 கிராம் கூட இருக்காது.

ஆனா ஒண்ணு கவனிங்க. எலி கினி பிக்கைத் திங்கிறதுக்காக வர்றதில்ல. அது வர்றது தானியத் தீனிக்கு, வைக்கோல் கதகதப்புக்கு, கூண்டுக்கு அடியில இருக்குற நிழலுக்கு. நாம கினி பிக்குக்குன்னு பாத்துப் பாத்து செய்யிற வசதி எல்லாமே எலிக்கும் வசதி. அதனால இது காவல் வேலைன்னு சொல்றதை விட பண்டசாலை வேலைன்னு சொல்லணும்.

ஓட்டைக் கணக்கு ரொம்ப முக்கியம். சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடுக்குல புகுந்துடும், பென்சில் தடிமன்தான். எலிக்கு சுமார் 15 மில்லிமீட்டர் போதும். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அந்த அறுகோண வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான் லாயக்கு. சுண்டெலி அதுக்குள்ள நடந்தே போகும், எலி கடிச்சே அறுத்துடும். வேண்டியது, பத்த வெச்ச கெட்டிக் கம்பிவலை. எலிக்கு 13 மில்லிமீட்டர் கட்டம், சுண்டெலியும் வேணாம்னா 6 மில்லிமீட்டர்.

எங்க அடிக்கிறதுங்கிறது அடுத்த கேள்வி. முன்னாடி மட்டும் அடிச்சா பத்தாது, அடிப்பலகையிலயும் அடிக்கணும். மேய விடுற பட்டி தரையில இருந்தா, ஓரத்துல வலையை வெளிப்பக்கமா ஒரு 30 சென்டிமீட்டர் மடிச்சுத் தரையில படுக்க வைக்கணும். எலி சுவத்தை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். தோண்டுற இடத்துல வலை தட்டுப்பட்டா, கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போய் ஆரம்பிக்கலாமேன்னு அதுக்குத் தோணுறது குறைவு. கூண்டையும் செங்கல் அடுக்கித் தரையில இருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல தூக்கியாச்சு. அடியில வெளிச்சமும் காத்தும் போனா எலிக்கு அந்த இடம் பிடிக்காது. வலை, ஆணி, செங்கல்னு 35 பவுண்டு. ஓனரம்மாகிட்ட போன்ல சொல்லிட்டுத்தான் வாங்கினேன்.

இப்ப சிக்கலான விஷயம், தீனி. ராத்திரி எல்லாத்தையும் எடுத்துட்டா எலி வராதுல்ல? அங்கதான் இடிக்குது. கினி பிக்கோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும். வைக்கோல் இருபத்துநாலு மணி நேரமும் முன்னாடி இருக்கணும். ஒரு நாள் சாப்பிடாம இருந்தாலே அது டாக்டர்கிட்ட ஓட வேண்டிய விஷயம். அதனால வைக்கோல் இருக்கும். தானிய உருண்டையையும் மிச்சக் காய்கறியையும் இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடறேன். அளந்து போட்டா மிச்சமே இருக்காது. குடைமிளகாயை மட்டும் காலையில தவறாம குடுத்துடணும். வைட்டமின் சி-யை உடம்புலயே தயார் பண்ண நம்மளாலயும் முடியாது, கினி பிக்காலயும் முடியாது. எலியால முடியும்! அந்த விஷயத்துல கடவுள் எலி கட்சி.

தீனி மூட்டை தகர டப்பாவுக்குள்ள, மூடி இறுக்கி. பிளாஸ்டிக் வாளியெல்லாம் எலிக்கு நொறுக்குத்தீனி.

அடுத்தது மருந்து. பக்கத்து வீட்டுத் தாத்தா நல்லவரு, ஷெட்டுல இருந்து எலி மருந்து எடுத்துக் குடுத்தாரு. நன்றி சொல்லிட்டு வேணாம்னுட்டேன். இந்த மருந்துல பெரும்பாலானது ரத்தம் உறையறதைத் தடுக்கிற ரகம். சாகறதுக்குச் சில நாள் ஆகும். அதுக்குள்ள எலி மருந்துத் துண்டை இழுத்துக்கிட்டு எங்க வேணா போகும், கூண்டுப் பக்கமும் போகும். எலியைக் கொல்ற மருந்து கினி பிக்கை மட்டும் எப்படி விட்டு வைக்கும்? ரெண்டும் கொறிக்கிற ஜாதிதானே. அந்த எலியைத் தின்ன ஆந்தைக்கும் விஷம் ஏறும். பசை அட்டையும் கிடையாது. 2022-ல போட்ட சட்டப்படி, 2024 ஜூலை கடைசியில இருந்து இங்கிலாந்துல லைசென்ஸ் இல்லாம அதை வைக்கிறது குத்தம்.

மிச்சம் இருக்கிறது அடிச்சுப் பிடிக்கிற பொறி. அதைத் திறந்த வெளியில வைக்காம பெட்டிக்குள்ள வைக்கணும், முள்ளெலி மாட்டிடக்கூடாது. எலிக்குப் புதுசா எதைப் பாத்தாலும் சந்தேகம். அதனால முதல் சில நாள் பொறியைப் பூட்டாம இரை மட்டும் வச்சுப் பழக்கணும். இதைப் படிச்சப்ப நம்ம தஞ்சாவூர்க் கிட்டி ஞாபகம் வந்துச்சு. மூங்கில் வில்லை வயல்ல வச்சு எலி பிடிக்கிறவங்க, எலி நடக்கிற தடம் பாத்துத்தான் வைப்பாங்க. இங்கயும் அதே வித்தை, வேலியை ஒட்டின தடத்துலதான் பெட்டி.

நம்ம உடம்பையும் பாத்துக்கணும். எலிக்காய்ச்சல் நம்மூர் மழைக்காலத்துல கேள்விப்பட்டதுதான், இங்கயும் உண்டு. எலி மூத்திரம் பட்ட தண்ணியும் மண்ணும் கீறல் வழியா உள்ள போனா வரும். கையுறை போட்டுக்கிட்டு, கிருமிநாசினி தெளிச்சு ஈரமாக்கிட்டு அப்புறம் கூட்டணும். காய்ஞ்சதைப் பெருக்கித் தூசி கிளப்பக்கூடாது. தண்ணிப் பாட்டிலோட குழாயைத் தினமும் கழுவணும்.

'ஓனரம்மாவோட பிராணிக்கு நீ ஏன்டா இவ்ளோ மெனக்கெடறே'ன்னு ரூம்மேட் கேட்டான். 2006-ம் வருஷத்து விலங்கு நலச் சட்டத்துல, தற்காலிகமாப் பாத்துக்கிறவனுக்கும் பொறுப்பு உண்டுன்னு எழுதியிருக்கு. சட்டம் இல்லாட்டியும், கீரைக்கட்டு சலசலத்தாலே மூணும் சேர்ந்து விசிலடிக்குது பாருங்க, அதுக்கு என்ன பதில் சொல்றது?

இன்னொரு உண்மையும் சொல்லணும். கம்பிவலை எலியை நிறுத்தும், குளிரை நிறுத்தாது. 15 டிகிரிக்குக் கீழ போனா கினி பிக்கை உள்ள கொண்டு வர்றது நல்லதுங்கிறாங்க. ஷெஃபீல்டுல அது செப்டம்பர்லயே ஆரம்பிச்சுடும். எலியும் குளிர் ஆரம்பிச்சாத்தான் கதகதப்பான இடம் தேடி வருது. ஒரே காரியத்துல ரெண்டும் தீரும். சமையக்கட்டை ஒட்டி சும்மா கிடக்குற சின்ன ரூமைக் கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.

டெல்டாப் பக்கத்து மக்களே, வளைக்கு எத்தனை வாசல் இருக்கும், எதை அடைச்சு எதை விடணும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வலை அடிச்சு ஆறு நாளாச்சு. புது மண்ணு எதுவும் தள்ளலை. அடுத்த வாரம் பாப்போம்.