மூன்று பொற்காசுகளும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்

எனது ஊர்ப் பாடசாலையின் பின்புறத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி நிற்கின்றது. ஆயிரம் லீற்றர் கொள்ளும் கறுப்புத் தாங்கி. அதனைத் தாங்கி நிற்கும் சீமெந்துக் கட்டில் எனது தந்தையாரின் பெயரும், அவர் பிறந்த, மறைந்த ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவரது நினைவாக நானும் உடன்பிறந்தோரும் சேர்ந்து அமைத்துக் கொடுத்தது அது. அண்மையில் ஊர் சென்றிருந்தபோது, ஒரு சிறுமி அதன் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, நீர் வராதது கண்டு எவ்வித வியப்புமின்றித் திரும்பிச் செல்வதைக் கண்டேன்.

அதிபரிடம் விசாரித்தேன். அவர் சற்றுச் சங்கடப்பட்டார்.

“ஐயா, தாங்கிக்கு எங்களிடம் குறைவில்லை. உங்களுடையது வருவதற்கு முன்னமே இரண்டு இருந்தன. கிணற்று மோட்டர்தான் பழுது. அதைத் திருத்தித் தர ஒருவரும் முன்வருவதில்லை.”

“அப்போதே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“தருகிறவர்களிடம் இது வேண்டாம், அதைத் தாருங்கள் என்று எப்படி ஐயா சொல்வது?”

மூன்று தசாப்தங்களாகப் பிறரிடம் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். அமைச்சர்களிடம் கேட்டிருக்கின்றேன், படை அதிகாரிகளிடம் கேட்டிருக்கின்றேன். எனது சொந்த ஊர்ப் பாடசாலையிடம் “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மோட்டரில் பெயர் பொறிக்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எனது தவறைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இக்கட்டுரை எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதப்படுவதன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆற்றிய பணியை நன்கறிந்தவன் நான். போர்க் காலத்திலும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும், 2009 இன் பேரழிவுக்குப் பின்னரும் அந்தக் கரங்கள் நீண்டிராவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் எழுந்து நின்றிரா. இரண்டு வேலை பார்த்து, உறக்கத்தைக் குறைத்து உழைத்த பணம் அது. எம்மவரின் கொடையுள்ளம் பற்றி எனக்கு ஐயமில்லை. கொடுக்கும் முறை பற்றியே எனது கவலை.

இன்றைய நடைமுறை என்ன? ஊரில் என்ன வேண்டும் என்பதை ஊரிலிருந்து பல ஆயிரம் மைல் தொலைவில் வாழ்பவர் தீர்மானிக்கின்றார். அவர் மனதில் இருப்பது அவர் விட்டுப்போன ஊர். 1985 இல் புறப்பட்டவருக்கு 1985 ஆம் ஆண்டின் ஊர். ஆகவே இராசகோபுரம் உயர்கின்றது, நினைவு மண்டபம் எழுகின்றது, நுழைவாயில் வளைவு கட்டப்படுகின்றது. திறப்பு விழாவுக்குப் பின்னர் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கவோ மின்கட்டணம் செலுத்தவோ நிதி இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வெளிநாட்டில் நிறையப் பேர் வாழும் ஊருக்கு நிறையக் கிடைக்கின்றது. எவருமே வெளிநாடு போகாத ஊருக்கு எதுவும் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு பிரபல கல்லூரிக்கு நீச்சல் தடாகம் அமைக்க உலகெங்கும் ஆட்கள் உள்ளனர். முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலுள்ள ஆரம்பப் பாடசாலைக்கு, மலையகத்தின் லயன் வீடுகளுக்கு நடுவேயுள்ள பாடசாலைக்கு யார் இருக்கின்றார்கள்? பிள்ளையின் தேவை, அதன் ஊரவர் எத்தனை பேர் அகதியாகப் போனார்கள் என்பதைப் பொறுத்து நிறைவேறுவது நீதியாகுமா?

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1851 இல் காலமான பிரயன் முல்லன்ஃபி என்ற செல்வந்தர் தமது சொத்தின் மூன்றிலொரு பங்கை ஓர் அறத்துக்கென எழுதிவைத்தார். மேற்குப் பகுதிகளில் குடியேறும் நோக்குடன் அந்நகர் வழியாகச் செல்லும் ஏழைப் பயணிகளுக்கு உதவுவதே அந்த அறம். அக்காலத்தில் அது அரிய உதவி. பின்னர் இரயில் பாதைகள் வந்தன, அவ்வாறு குடியேறப் போவோரும் அருகிப்போயினர். பணம் இருந்தது, பெறுவதற்கு உரியவர் இல்லை. இறந்தவர் எழுதிவைத்த நிபந்தனை வாழ்பவர்களின் கையைக் கட்டிவிட்டது.

இத்தகைய நிலைமைக்கு மாற்றுத் தேடியவர்களில் ஒருவர் கிளீவ்லாந்து நகரின் வங்கித் தலைவர் ஃபிரடெரிக் கோஃப். 1914 இல் அவர் கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் என்ற சமூக அறக்கட்டளையை உருவாக்கினார். பலரும் தரும் கொடைகள் ஒரே நிதியத்தில் சேரும். முதல் அப்படியே இருக்கும், அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் வழங்கப்படும். எவருக்கு வழங்குவது என்பதை நகரத்தவரைக் கொண்ட குழு ஆராய்ந்து தீர்மானிக்கும். கொடையாளர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் காலம் மாறி அந்நோக்கம் பொருளற்றுப் போனால், நிதியை வேறு தேவைக்குத் திருப்பும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. இவ்வகை அறக்கட்டளைகள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் இதற்கு ஓர் அழகான வரலாறு உண்டு. 1921 இல் வில்லியம் அலோவே என்ற வங்கியாளர் ஓர் இலட்சம் டொலர் வழங்க, வினிபெக் ஃபவுண்டேஷன் தொடங்கியது. அந்நாட்டின் முதலாவது சமூக அறக்கட்டளை அதுவே. அதற்கு இரண்டாவது கொடை 1924 இல் ஓர் உறையில் வந்தது. உள்ளே மூன்று ஐந்து டொலர் பொற்காசுகள். அனுப்பியவர் பெயர் இல்லை. விவிலியத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை நினைவூட்டும் குறிப்பு மட்டுமே இருந்தது. அந்தப் பதினைந்து டொலரும் அந்த ஓர் இலட்சமும் ஒரே நிதியத்தில் சேர்ந்தன. இன்றும் அந்த நிறுவனம் பெருமையுடன் நினைவுகூர்வது அந்த மூன்று காசுகளைத்தான்.

வன்கூவரில் 1943 இல் உருவான அறக்கட்டளையின் தொடக்கமும் அத்தகையதே. அலிஸ் மக்கே என்ற செயலாளர் தாம் சேமித்த ஆயிரம் டொலரை வறுமையில் சிக்கிய பெண்களுக்கு உதவுவதற்கென வழங்கினார். அதனைக் கண்ட செல்வந்தர்கள் சிலர் தலைக்குப் பத்தாயிரம் டொலர் சேர்த்தனர். முதலில் கொடுத்தவர் மாதச் சம்பளக்காரர்.

இது மேலைத்தேயச் சரக்கு, எமக்கு ஒத்துவராது என்று கூறுவோர் உளர். அவர்களுக்கு எமது பிடியரிசி வழக்கத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துப் பொதுப்பணிக்குக் கொடுத்த பெண்கள் எவரும் அப்பிடியில் தம் பெயரை எழுதவில்லை. எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்தது. ஊருக்கு ஊர் எழுந்த சனசமூக நிலையங்களும் மரண உதவிச் சங்கங்களும் அதே மனப்பாங்கில் பிறந்தவையே. கொடையாளர் எண்ணியதற்கு அப்பாலும் கொடை பயன்படலாம் என்பதற்கும் எம்மிடம் சான்றுண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அந்த இடத்திலேதான்.

ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. உள்ளூரில் யாரை நம்புவது? சங்கப் பணம் கரைந்த கதைகள் எமக்குத் தெரியாதவையல்ல. கோயில் நிருவாகத்தை வைத்திருக்கும் அதே சில குடும்பங்கள் இதனையும் கைப்பற்றாவா? சாதி புகாதா? கட்சி புகாதா? புகும், விதிகள் இல்லையெனில் நிச்சயம் புகும். ஆகவே விதிகளை முதலில் எழுத வேண்டும். குழுவில் பெரும்பான்மையினர் ஊரில் வாழ்பவராக இருத்தல் வேண்டும். ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், கூட்டுறவுச் சங்கத்தவர், பெண்கள், இதுவரை எந்தச் சபையிலும் அமர்த்தப்படாத குடியிருப்புகளைச் சேர்ந்தோர் என அனைவருக்கும் இடம் வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் எவரும் பதவியில் நீடிக்கலாகாது. உறவினரின் விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கு, சனசமூக நிலையத்தின் சுவரிலும் இணையத்திலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும்.

பணத்தின் மதிப்புக் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. முழு நிதியையும் ரூபாயில் நிலையான வைப்பிலிட்ட சங்கங்களின் சேமிப்பு கண்முன்னே கரைந்தது. முதலின் ஒரு பகுதியேனும் கொடையாளர்கள் வாழும் நாடுகளில், அந்நாட்டுச் சட்டப்படி பதிவான அமைப்பொன்றிடம் இருப்பதே பாதுகாப்பு. இங்கு செலவிடுவதற்கான அமைப்பை 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவாக்கலாம்.

தொடக்கத்துக்குக் கோடிகள் தேவையில்லை. ஐந்நூறு பேர் தலைக்கு இருநூறு டொலர் தந்தால் ஓர் இலட்சம் டொலர். நான்கு சதவீதம் செலவிட்டால் ஆண்டுக்கு நாலாயிரம் டொலர். எமது நாணயத்தில் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு மண்டபத்தின் கூரைக்கும் அது போதாது. ஆனால் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மோட்டர் திருத்தவும், தொண்டர் ஆசிரியருக்கு வேதனம் வழங்கவும், சிறுவர் நூலகத்துக்கு நூல் வாங்கவும் ஒவ்வோர் ஆண்டும் உதவும். நாம் மறைந்த பின்னரும் உதவும். அப்பிரிவில் வெளிநாட்டு உறவுகள் இல்லாத கிராமமும் அதில் விண்ணப்பிக்கலாம். அதற்காகவே ஊர்ச் சங்கங்கள் தம் எல்லையைச் சற்று விரித்து, அயலூர்ச் சங்கங்களுடன் ஒரே நிதியத்தில் இணைய வேண்டும் என்கின்றேன்.

இதற்கு நாம் கொடுக்கவேண்டிய விலை ஒன்றுண்டு. கல்வெட்டில் பெயர் இராது. எதற்குச் செலவாயிற்று என்பதில் எமது சொல் இறுதிச் சொல்லாக இராது. பணத்தைக் கொடுப்பதைக் காட்டிலும் அந்தப் பிடியை விடுவது கடினம் என்பதை என் அனுபவத்தில் அறிவேன்.

புறப்படுமுன் மோட்டரைத் திருத்தும் செலவை அதிபரிடம் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரைப் போடுங்கள் என்றேன். இவ்வாண்டுக்கு அது போதும். அடுத்த முறை அந்த மோட்டர் பழுதடையும்போது நானோ என் உடன்பிறந்தோரோ இருப்போமா என்பது தெரியாது. அன்று அந்தச் சிறுமியின் தங்கை குழாயைத் திறக்கும்போது நீர் வருமா என்பதை இன்று நாம் சேர்க்கும் நிதியமே தீர்மானிக்கும்.