சாவி வரும் முன்னே...

வானொலியில் விளம்பரம் வாசிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. "இன்றே முந்துங்கள்" என்று ஒரே நாளில் பத்து முறை சொன்னதும் உண்டு. என் சொந்த வீட்டுக்கு நானே விளம்பரம் எழுதியபோதுதான் அந்தச் சொல்லின் கனம் புரிந்தது.

காஜாங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தோம். வாடகைக்கு விடுவதுதான் திட்டம். கட்டடம் எழ எழ மேம்பாட்டு நிறுவனத்துக்கு வங்கி பகுதி பகுதியாகப் பணம் கொடுக்கும். அதற்கான வட்டியை நாம் மாதாமாதம் கட்ட வேண்டும். வாடகை வராத வீட்டுக்கு வட்டி போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். சாவி கிடைக்கும் நாளில் அதே கட்டடத்தின் வீடுகள் எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வரும், வாடகை இறங்கிவிடும் என்ற பயம் மறுபக்கம். அதற்குள் ஆள் பிடித்துவிடத் துடித்தேன்.

மாதிரி வீட்டின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, "ஜூன் மாதம் குடியேறலாம்" என்று எழுதினேன். இரண்டே நாளில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி.

"அக்கா, ஜூன்ல கண்டிப்பா கிடைச்சிடும்தானே?"

"கிடைச்சிடும்மா."

ஒரு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டேன்.

ஜூன் வந்தது, சாவி வரவில்லை. அவர்களோ பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். சாமான்கள் உறவினர் வீட்டுக்குப் போயின. அவர் ஈப்போவில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனார். ஜூலையில் குழந்தை பிறந்தது. எங்களுக்குச் சாவி கிடைத்ததோ அக்டோபரில்.

கோபத்தோடு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் வரை அவகாசம் இருந்தது. ஜூன் என்பது விற்பனையாளரின் வாய்ச்சொல் மட்டுமே. அதைச் சரிபார்க்காமல் வாக்குறுதியாக்கியது நான். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தபோது, "பரவாயில்லக்கா" என்றார் அந்தப் பெண். திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வீடு முடியும் முன்பே வாடகைக்கு ஆள் தேடுவது தவறில்லை. சொல்ல வேண்டியதை மறைப்பதுதான் தவறு. நம் நாட்டின் வழக்கமான ஒப்பந்தத்தில் தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் அவகாசம் உண்டு. கையெழுத்திட்ட நாளிலிருந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். சி.சி.சி. சான்றிதழும் சாவியும் வந்த பிறகும் வேலை இருக்கிறது. விரிசல், நீர்க்கசிவு பார்த்துப் புகார் கொடுக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, கிரில் போட வேண்டும். மின்சாரக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கும் சில வாரங்கள் சேருங்கள். படம் மாதிரி வீட்டுடையது என்றால் அப்படியே எழுதுங்கள். முன்பணம் வாங்கினால், குறித்த தேதிக்குள் வீடு தர முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் கொடுங்கள்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புது வீட்டுக்காரர் கையில் சாவியைப் பார்க்கும்வரை பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லாதீர்கள். அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. நானும் இனிமையாகத்தான் பேசினேன்.