ஆலைக்குள் வரட்டும் ஆய்வின் பலன்

"சுகர் பார்டர்லதான் இருக்கு, மாத்திரை எல்லாம் இப்போ வேண்டாம்." ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட தொழிலாளர்கள் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். கேட்டவர் நிம்மதியாக அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுகிறார். ஆனால், அவரை நோயிலிருந்து காப்பாற்றச் சரியான தருணமே அதுதான். நம் சென்னை மருத்துவர்களின் ஆய்வே இதை நிரூபித்து, ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

இந்தியாவிலேயே முதன்முதலாகச் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு 1948-ல் வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். அந்தப் பாரம்பரியத்தில் வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், 'பார்டர்' நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் அந்த மூன்றாண்டுகளுக்குள் முழு நோயாளிகளாகிவிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் தொடர்ந்து வலியுறுத்தப்பட்ட பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான் உதவியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அதே குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிய வழியைக் காட்டியது. வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயதுவரையான ஆண்கள் 537 பேரில் ஒரு பாதிப் பேருக்குச் செல்போனில் தொடர்ந்து உடல்நலக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், செய்தி பெற்றவர்களில் 18 சதவிகிதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவிகிதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. சில வரிச் செய்திகளுக்கே இவ்வளவு பலன் இருந்தது.

இந்த அறிவு மிகவும் தேவைப்படும் இடங்களில் ஒன்று, ஸ்டான்லியிலிருந்து தொலைவில் இல்லாத திருவள்ளூர் மாவட்டம். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள், காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை என ஆலைகள் நிறைந்த பகுதி இது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்போது தூக்கம் கெடுகிறது. இரவில் இன்சுலின் பகலைப்போல வேலை செய்வதில்லை. அந்த நேரத்தில் வயிறு நிறையச் சோறும், தூக்கம் விரட்டச் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போகின்றன. இவர்களிடம் "நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. இங்கே வேலைமுறையும் மாற வேண்டும்.

பரிசோதனையிலும் கவனம் தேவை. வெறும் வயிற்றில் ஒருமுறை பார்ப்பது மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அளவு 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தால் அதுதான் எச்சரிக்கை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை வசதியானது. ஆனால், ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது தவறான முடிவைக் காட்டக்கூடும். பெண் தொழிலாளர்களில் ரத்தசோகை பரவலாக இருப்பதால் மருத்துவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்கிறது, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. அந்த 13.6 கோடியைத் தடுத்து நிறுத்த முடியுமா என்பதே இன்றைய கேள்வி.

மக்களைத் தேடி மருத்துவத்தை 2021-ல் தொடங்கிய தமிழக அரசு, ஆலைகளுக்கும் பரிசோதனையைக் கொண்டுசெல்லும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. வரவேற்கிறோம். ஆனால், பரிசோதனை முகாமோடு பணி முடிந்துவிடக் கூடாது. எல்லைக்கோட்டில் இருப்பவர் ஒவ்வொருவரையும் பட்டியலிட்டு, ஆண்டுதோறும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் குறுஞ்செய்திகள் போக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் விடுபடக் கூடாது. 2013 ஆய்வில் பெண்கள் இல்லை. இந்த ஆலைகளில் பெண்களையும் சேர்த்து அது தொடர வேண்டும். ரிசல்ட் தொழிலாளியின் சொத்து. அதைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்ற உத்தரவாதம் இல்லாவிட்டால், யாரும் மனம் விட்டுக் கையை நீட்ட மாட்டார்கள்.

நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. இரவு கேன்டீனில் சோற்றைக் குறைத்து, சுண்டலும் காய்கறியும் முட்டையும் கூடுதலாக வைக்கட்டும். சர்க்கரை இல்லாத டீயும் கிடைக்கட்டும். ஷிப்ட் அட்டவணையைத் தொழிற்சங்கங்களோடு பேசித் திருத்தட்டும். கண்ணும் சிறுநீரகமும் பழுதான பின் ஒரு குடும்பம் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், இவை பெரிய செலவே அல்ல.

நம் ஊரில், நம் உழைப்பாளிகளின் உடலில் சோதித்துப் பெற்ற அறிவு இது. அதன் பலன் முதலில் அவர்களுக்கே சேர வேண்டும். அரசும் ஆலை நிர்வாகங்களும் கும்மிடிப்பூண்டியிலிருந்தே அதைத் தொடங்கட்டும்!