"ஓட்டமெல்லாம் ஸ்கூலோட சரி" என்பவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரிலும் அதன் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒரு பேச்சு உண்டு. எட்டாம் வகுப்பில் குறுவட்டப் போட்டியில் நூறு மீட்டர் ஜெயித்தவள், பத்தாம் வகுப்பில் வருவாய் மாவட்டப் போட்டி வரை போனவள், பதினொன்றாம் வகுப்பில் மைதானத்தில் இருக்கமாட்டாள். ஏன் என்று கேட்டால், "ஓட்டமெல்லாம் ஸ்கூலோட சரி சார், பொட்டப்புள்ளைக்கு அதுக்கு மேல இன்னாத்துக்கு?" என்பார்கள். அப்பா சொல்வார், தாய்மாமன் சொல்வார், சில இடங்களில் ஆசிரியரே சொல்வார்.

யாரும் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் நாலைந்து வாதங்கள் மடிந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டில் உண்மையின் சாயல் இருக்கிறது. மற்றவை பொய்.

"அதெல்லாம் வசதி உள்ளவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு" என்பது முதல் வாதம். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே ரேவதி என்ற பெண்ணுக்குச் சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார், சில மாதங்களில் அம்மாவும் போய்விட்டார். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்து வளர்த்தார். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். பாட்டி மறுத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளிப் போட்டி ஒன்றில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன், இந்தப் பெண்ணை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்லூரிக் காலத்திலும் கொஞ்ச நாள் ஷூ இல்லாமல்தான் ஓடினார்.

2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் ரேவதி 400 மீட்டரை 53.55 விநாடியில் கடந்தார். அந்த மாதக் கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக்கில், கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நால்வரில் அவரும் திருச்சி சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் தமிழ்நாட்டுக்காரர்கள். அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை, தகுதிச் சுற்றிலேயே கடைசியாகத்தான் வந்தது. ஆனாலும் வெறுங்காலில் தொடங்கிய ஒரு பெண் ஒலிம்பிக் தடத்தில் பேட்டன் பிடித்தார்.

வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பைக்ஸுக்குக் காசு வேண்டும். முட்டை, பால், பருப்பு, பழம் வேண்டும். போட்டிக்குப் போய்வரப் பஸ் காசு வேண்டும், வெளியூரில் தங்க இடம் வேண்டும். ஆனால் ரேவதி வீட்டில் முதலில் இல்லாமல் போனது அனுமதிதான். அந்த அனுமதி வந்த பிறகுதான் விடுதி, கல்லூரி ஒதுக்கீடு, பயிற்சி முகாம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஓட்டக்காரிகளான கோயம்புத்தூர் இரட்டையர்கள் வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் கதையும் இதேதான். அப்பா வண்டி ஓட்டிப் பிழைத்தவர். பிள்ளைகளை ஈரோட்டு விளையாட்டு விடுதிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

இரண்டாவது, உடம்பு. "வயசுக்கு வந்த பிள்ளை ஓடினா கர்ப்பப்பை எறங்கிடும்", "ஆம்பள மாதிரி ஆயிடுவா". இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை முதன்முறையாக 800 மீட்டர் ஓடவிட்டார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். இறுதி ஓட்டத்தில் இறங்கிய எல்லாப் பெண்களும் ஓட்டத்தை முடித்தார்கள். பத்திரிகைகளோ பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று எழுதின. அந்தப் பொய்யை வைத்து 1960 வரை ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு இல்லாமல் செய்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டர் 1948இல்தான் வந்தது, 400 மீட்டர் 1964இல், 400 மீட்டர் தடை ஓட்டம் 1984இல். ஒவ்வொரு தடவையும் பெண் உடம்பு தாங்காது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெண்கள் ஓடி முடித்தார்கள்.

ஓடுவதால் கர்ப்பப்பை இறங்காது. ஓடும் பெண்களில் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் உண்டு, அது உண்மை. ஆனால் காரணம் ஓட்டம் அல்ல, ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததே. உடம்பு செலவழிக்கும் அளவுக்கு உள்ளே போகாவிட்டால், உயிருக்கு அவசரமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் அதில் முன்னால் நிற்கிறது, எலும்பின் வலு அதற்குப் பின்னால் குறைகிறது. காலையில் வெறும் டீயோடு மைதானத்துக்கு வந்து, மதியம் அரை வயிறு சாப்பிடும் பெண்ணுக்கு இது நடக்கும். அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு கரண்டி சோறும் பருப்பும். ஓட்டத்தை நிறுத்துவது இதற்கு வைத்தியம் ஆகாது.

"ஆம்பள மாதிரி" என்ற சொல்லால் நொந்தவர்கள் உண்டு. ஒடிசாவின் ஓட்டக்காரி துதி சந்த்தை 2014இல் ஹார்மோன் அளவைக் காட்டிப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். அவர் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியையே நிறுத்தி வைக்கும் உத்தரவை வாங்கினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி எடுத்தார். தெருவில் போகிறபோக்கில் சொல்லும் ஒரு சொல், சர்வதேச மைதானத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே நிறுத்தப் பார்த்தது. அதனால்தான் அந்தச் சொல் தெருவில் கேட்கும்போதே தடுக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது வாதம்தான் எல்லோரும் நம்புவது: "எப்படியும் கல்யாணம் ஆனா முடிஞ்சது, அதுக்கு ஏன் இவ்வளவு?" பி.டி. உஷா 1991இல் கல்யாணம் செய்துகொண்டார், 1992இல் மகன் பிறந்தான். அதன் பிறகு தடத்துக்குத் திரும்பினார். 1998இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200, 400 மீட்டர்களில் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 34. அதே ஆண்டு ஃபெடரேஷன் கோப்பையில் 200 மீட்டரை 23.30 விநாடியில் ஓடி வைத்த போட்டிச் சாதனை, 2021 வரை யாராலும் உடைபடாமல் நின்றது.

ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸுக்கு 2017 ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. 2019இல் தோஹாவில் 100 மீட்டரை 10.71 விநாடியில் ஓடி உலக சாம்பியன் ஆனார். 2021இல் 10.60 ஓடினார். அதுவே அவர் வாழ்நாளின் சிறந்த நேரம். 2022இல், 35 வயதில், மறுபடியும் உலக சாம்பியன்.

இந்த வயதுகளையும் நம் ஊர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோக்கியோவில் ஓடியபோது ரேவதிக்கு 23. ஹாங்சோ ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கியபோது வித்யாவுக்கு 25. விரைவோட்டக்காரிக்குத் தொடை வலுவும் நடை நீளமும் புறப்பாட்டின் பழக்கமும் சேர்ந்து கைகூடுவது இருபதுகளின் நடுவில். நாமோ பதினாறு வயதில் கதையை முடித்துவிட்டு, பெண்களின் ஓட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறோம். முடித்தது உடம்பல்ல, நாம்.

வித்யாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பெண்களுக்குப் பத்துத் தடைகள். முதல் தடை 45 மீட்டரில், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடைக்குப் பின் 40 மீட்டர் வெறும் ஓட்டம். தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்பதை ஓடுகிறவள் முன்பே மனசில் வைத்திருப்பாள். களைப்பு ஏறும்போது எட்டு குறுகும், கணக்கு தப்பும், தடை கிட்டே வந்து நிற்கும். ஏழாவது எட்டாவது தடையில் தொடை இரும்பாகிவிடும். இந்த ஓட்டத்தில்தான் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா 55.42 விநாடியில் வந்து, நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்தத் தேசியச் சாதனையை 39 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் வித்யா அதே 55.42 ஓடினார். இறுதி ஓட்டத்தில் 55.68 ஓடி வெண்கலம். அதே போட்டியில் இரண்டு தொடர் ஓட்டங்களில் வெள்ளியும் கிடைத்தது. அந்த இரண்டு அணிகளிலும் சுபாவும் இருந்தார்.

நான்காவது, "ஓட்டம் சோறு போடுமா?" இந்தக் கேள்வி நியாயமானது. ரேவதிக்கும் வித்யாவுக்கும் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை இருக்கிறது. ஆனாலும் ஓடுகிற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. மாநிலப் பதக்கம் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் படிப்பை விட்டுவிட்டு ஓடு என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாது. ஓட்டம் வழியாகவே படிப்பு கிடைக்கும் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் போதும். கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பெண் விளையாட்டு ஒதுக்கீட்டில் பட்டம் வாங்கினால், பதக்கம் வராவிட்டாலும் அவள் நஷ்டப்படவில்லை.

கடைசியாக, "எல்லாம் ஊசி போட்டுத்தான் ஓடுதுங்க." எல்லாம் அல்ல. ஆனால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. திருச்சிப் பக்கத்துத் தனலட்சுமி 2021 ஃபெடரேஷன் கோப்பையில் 100 மீட்டரில் துதி சந்த்தை முந்தினார், 200 மீட்டரில் உஷாவின் அந்த 23.30 சாதனையை உடைத்தார். மறு ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்று ஆண்டுத் தடை வாங்கினார். மனம் கனக்கிற செய்தி இது. உடம்புக்குள் போனது எதுவானாலும் பொறுப்பு ஓடியவளுடையது என்பதே விதி. பதினாறு வயதுப் பெண்ணிடம் யாரோ ஒருவர் பவுடரோ மாத்திரையோ நீட்டும்போது, இது என்ன என்று கேட்கும் துணிச்சலை அவளுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். வீடு கைவிட்ட பெண்ணுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

கிளியனூர்ப் பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழாவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருப்பார்கள். பெண்கள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கோட்டில் நிற்பார்கள். பி.டி. சார் விசில் ஊதுவார். அந்த வரிசையில் முதலாக வரும் பெண்ணுக்காக இந்த ஆண்டே செய்யக்கூடியவை சில. பதினொன்றாம் வகுப்பில் அவளுடைய விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவள் பெயரைக் கொடுங்கள். வருவாய் மாவட்டப் போட்டிக்கு விழுப்புரம் போகும் அன்று அம்மாவோ அத்தையோ கூடப் போங்கள். காலையில் முட்டை கொடுங்கள். மாநில விளையாட்டு விடுதிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்கு ரயில்வே வேலை கிடைக்குமா, ஆசியப் பதக்கம் கிடைக்குமா என்பதை இருபத்தைந்து வயதில் பார்த்துக்கொள்ளலாம்.