தலைவர்களே, காய்ச்சல் எத்தினையாம் நாள்?

என்னிடம் மூன்று தலைமைத்துவச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மூன்றும் லமினேற் பண்ணியவை. ஒன்றில் என் பெயரே பிழை. அந்த மூன்று பயிற்சிகளிலும் சேர்த்து ஏழு நாள் இருந்திருப்பேன். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற விளையாட்டு, பத்திரிகைத் தாளில் கோபுரம் கட்டுகிற போட்டி, 'தலைவருக்கும் முகாமையாளருக்கும் உள்ள வித்தியாசம்', கடலுக்குள் பாதி மூழ்கின பனிப்பாறைப் படம் (எந்த வளவாளரும் இதைக் கீறாமல் விடுவதில்லை), இடையில் ரோல்ஸும் பால் தேத்தண்ணியும். குறை சொல்லேல்லை, ரோல்ஸ் நல்லாத்தான் இருந்தது.

இந்த ஏழு நாளில் ஒருவரும் சொல்லித் தராத விசயம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேணும்?

நக்கலுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது பயிற்சி, வதிவிடப் பயிற்சி. மாரி முடிகிற காலம், தை மாதம். ஏ.எல். எழுதிப்போட்டு இருந்த ஒரு தம்பி, வரும்போதே லேசான காய்ச்சலோடுதான் வந்தவன். அடுத்தநாள் உடம்பு உளைவு, கண்ணுக்குப் பின்னால் நோ. யாரோ ஒருத்தர் தன்ர பாக்கில் இருந்து டைக்குளோபினக் குளிசை எடுத்துக் கொடுத்தார். நோவுக்கு நல்லது எண்டு. குழு வேலைக்கு எழும்பமாட்டேன் என்று அவன் படுத்திருக்க, ஒருங்கிணைப்பாளர் வந்து "தலைவன் எண்டால் உடம்பைப் பாக்கக்கூடாது தம்பி, எழும்பும்" என்றார். அவன் எழும்பி வந்தான். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

கடைசி நாள் காலமை காய்ச்சல் விட்டுவிட்டது. எங்களுக்குச் சந்தோசம். அவன் மட்டும் குளிர்ந்துபோய், வியர்த்து, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். இரண்டு தரம் சத்தி எடுத்தான். வயிறு நோகுது என்றான். "ரோல்ஸ் ஒத்துவரேல்லைப் போல" என்றோம். பின்னேரம் சான்றிதழ் வழங்கல். குழுப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கிறான். இப்பவும் என்னட்டை அந்தப் படம் இருக்கு, பாக்கிறதில்லை. இரவு கழிவறைக்குப் போனவன் அங்கேயே விழுந்துவிட்டான்.

முப்பத்தைந்து பேர் அங்கே இருந்தோம். ஒருவன் ஓட்டோ தேடி ரோட்டுக்கு ஓடினான். ஒருத்தி அழுதாள். ஒருத்தர் தனக்குத் தெரிந்த அரசியல்வாதி ஒருவருக்குப் போன் அடித்தார், உண்மையாகத்தான் சொல்லுறன். மண்டபத்துக் காவலாளி ஐயா வந்து பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் 1990 ஐ அழுத்தி, எந்தச் சந்தியால் திரும்பவேணும், எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று சொல்லி அம்புலன்ஸை வரப்பண்ணினார். அந்த மண்டபத்தின் வீதிப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நாலு கேள்வி கேட்டார். காய்ச்சல் எத்தினையாம் நாள்? என்ன குளிசை குடுத்தனீங்கள்? கடைசியா எப்ப சலம் போனவர்? வீட்டுக்காரற்ற நம்பர் என்ன? நாளைய தலைவர்கள் நாங்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவன் தப்பிவிட்டான். அதில் எங்களுடைய கெட்டித்தனம் எதுவும் இல்லை.

பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். ஏனென்றால் இதை அறிய ஏழு நாள் தேவையில்லை, அரை மணித்தியாலம் போதும். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரமில்லை, அது விடுகிற நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்குகிறபோது சிலருக்குக் குருதிக் குழாய்களில் இருந்து நீர்ப்பாயம் வெளியே கசியத் தொடங்கும். அந்த ஒரு நாள், இரண்டு நாளில்தான் ஆள் சரிவது. வெளியில் பார்த்தால் 'சுகம் வந்திட்டுது' போல இருக்கும். கடுமையான வயிற்று நோ, விடாத சத்தி, முரசில் மூக்கில் இரத்தம், கைகால் குளிர்தல், சலம் குறைதல், சோர்ந்துபோய்ப் படுத்தல், இதில் ஒன்று தெரிந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். விடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. குளிசை என்றால் பரசிற்றமோல் மட்டும்தான். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, அதற்கு மேலே போட்டால் ஈரலுக்குக் கேடு. டைக்குளோபினக், ஐபுபுரொபன், அஸ்பிரின் எல்லாம் இரத்தம் கசிய வைக்கிற குளிசைகள், தொடவே கூடாது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு முழுக் குருதிச் சோதனை செய்யவேணும். குடிக்கிறதுக்குக் கஞ்சி, இளநீர், ஜீவனி. சிவப்பு, மண்ணிறச் சோடாக்கள் வேண்டாம், சத்தி எடுத்தால் அது இரத்தமா சோடாவா என்று தெரியாமல் போகும்.

இவ்வளவுதான். இது டொக்டர்மாரின் இரகசியம் இல்லை. 2017 இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் மாரி முடிய முடிய யாழ்ப்பாணத்து வாட்டுகள் நிரம்புவதை நாங்கள் கண்டிருக்கிறோம். பிறகும் ஒரு இளைஞர் தலைமைத்துவப் பயிற்சியின் நிகழ்ச்சி நிரலில் இது வருவதில்லை. பனிப்பாறை வரும்.

உடனே சொல்லுவீர்கள், 'நாங்கள் டெங்குச் சிரமதானம் செய்யிறனாங்கள்தானே' என்று. செய்கிறோம். கோயிலடி ரோட்டைக் கூட்டுகிறோம், புல்லைச் செருக்குகிறோம், மண்வெட்டியோடு வரிசையில் நின்று படம் எடுக்கிறோம். நுளம்பு ரோட்டில் இல்லை. அது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டில், பூச்சாடியின் கீழ்த் தட்டில், பீலியில், கொல்லைக்குள் கிடக்கிற ரயரில், வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் வருசத்துக்கு ஒருக்கால் செய்கிற சிரமதானத்தால் நுளம்புக்கு ஒரு நட்டமும் இல்லை. போதாக்குறைக்கு, அதன் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணியில்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும். ஊற்றிக் கவிட்டால் காணாது, உரஞ்சித் தேய்க்கவேணும். கிழமைக்கு ஒருநாள் இருபது நிமிசம், அவரவர் வளவு. இதில் மேடையும் இல்லை, படமும் இல்லை. அதனால்தான் ஒருவரும் செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் 'டெங்குவை ஒழிப்போம்' பனரை விறகு மூடப் போட்டிருந்தார்கள். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். மடிப்புக்குள் தண்ணி, தண்ணிக்குள் குடம்பி.

2024 கடைசியில் வெள்ளம் வந்தபோதும் இதேதான். சாப்பாட்டுப் பார்சலோடு வெறுங்காலில் இடுப்பளவு தண்ணிக்குள் இறங்கின பெடியளின் படங்கள்தான் முகநூலில் கூடப் பகிரப்பட்டன. நல்ல மனசு, மறுக்கேல்லை. ஆனால் கொஞ்ச நாளில் குடாநாட்டில் 'என்ன காய்ச்சல் எண்டு தெரியேல்லை' என்று சனம் சாகத் தொடங்கி, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சலம் கலந்த தண்ணி காலில் இருக்கிற சின்னக் கீறலுக்குள்ளால் போனால் போதும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதி கொடுக்கிற தடுப்புக் குளிசை, டொக்சிசைக்கிளின், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் ஆளைப் பார்த்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். எந்தக் கழகத் தலைவர் தன் பெடியளை இறக்க முதல் பூட்ஸ் தேடினார், அந்தக் குளிசையைப் பற்றிக் கேட்டார்? கேட்டவர் இருந்தால் அவருக்குத் தலைவணங்குகிறேன். எங்கள் கழகத்தில் கேட்கேல்லை.

இனி மற்ற விசயம். இதைச் சொன்னால் சில அண்ணைமாருக்குக் கோபம் வரும்.

எல்லா அறிக்கையிலும் ஒரு வரி இருக்கும், 'பெண்களின் பங்களிப்புக் குறைவு'. நான் இருந்த கழகத்தின் நிர்வாகக் கூட்டம் பின்னேரம் ஆறரைக்கு. ஏன் ஆறரை? கிரிக்கெற் முடியவேணும். கூட்டம் எட்டு மணிக்கு முடியும். அந்த நேரத்தில் எங்கள் ரோட்டில் கடைசி பஸ் போய்விடும், பாதி வீதி விளக்கு எரியாது, சந்தியில் குடித்துவிட்டு நிற்கிற கூட்டம் ஒன்று இருக்கும். பொருளாளராக இருந்த அக்கா இரண்டு தரம் "நாலு மணிக்கு வைப்பம்" என்று கேட்டார். "அக்கா, நாங்கள் கொண்டுவந்து விடுவம்தானே" என்று சொல்லிச் சமாளித்தோம். கொண்டுவந்து விட்டவனைப் பற்றி ஊரில் கதை கட்டினார்கள். மூன்றாம் மாதம் அவர் விலகிவிட்டார். கழகக் கொப்பியில் எழுதினது, 'தனிப்பட்ட காரணம்'.

அது தனிப்பட்ட காரணம் இல்லை. ஆறரை மணி என்கிற காரணம்.

பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்ல எல்லாரும் தயார். தனியப் போகாதே, இருட்ட முதல் வா, சேப்டிப் பின் வைத்திரு. ஆலோசனை முழுக்க அவர்களுடைய தலையில். கூட்ட நேரத்தை மாற்றுகிறது, பிரதேச சபைக்கு விளக்குக்காகக் கடிதம் கொடுத்துப் பின்னால் திரிகிறது, சந்தியில் நிற்கிற எங்கட கூட்டாளியிடமே "மச்சான், பிழை" என்று சொல்லுகிறது, இதெல்லாம் எங்கட பக்கத்து வேலை. பஸ்ஸில் ஒருத்தன் உரசினால் அது 'பகிடி' இல்லை, தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி ஐந்து வருசம் வரை சிறை போகக்கூடிய குற்றம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிசுக்கு 119. இந்த மூன்று இலக்கமும் எந்தச் சனசமூக நிலையச் சுவரில் எழுதியிருக்கிறது? சுவரில் முன்னாள் தலைவர்களின் படம் இருக்கிறது.

ஹெல்மெற் பற்றி அதிகம் எழுதவில்லை. கழக ரீசேட்டோடு மோட்டச்சைக்கிள் ஊர்வலம் போவதும், பின்னுக்கு இருக்கிறவன் கொடியைப் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நிற்பதும், முன்னுக்கு இருக்கிறவன் ஹெல்மெற்றைக் கையில் கொழுவியிருப்பதும் உங்களுக்கே தெரியும். நாடி வார் பூட்டாத ஹெல்மெற் விழுகிறபோது முதலில் பறக்கிறது அதுதான்.

ஒரு நண்பர் இதன் முதல் பிரதியை வாசித்துவிட்டு, "நீ சொல்லுறது முதலுதவி, தலைமைத்துவம் இல்லை. இரண்டையும் குழப்பாதை" என்றார். யோசித்தேன். தலைமைத்துவம் என்று ஒரு தனிச் சாமான் இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இரவு 'எழும்பும்' என்று சொன்னவரும் தலைமைதான் தாங்கினார், பிழையாகத் தாங்கினார். அவர் சொன்னதை மறுத்து, "இல்லை அண்ணை, இவன் படுக்கட்டும்" என்று சொல்ல முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதுவும் தலைமைத்துவப் பிரச்சினைதான். டெங்குவைப் பற்றி ஒருத்தருக்காவது தெரிந்திருந்தால் அந்தத் தைரியம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாதவன் எதை வைத்து மறுக்கிறது?

'எங்களுக்கு நிதி இல்லை' என்றும் சொல்லாதேங்கோ. பிஎச்ஐ ஐயாவைக் கூப்பிட்டால் வருவார், காசு கேட்கமாட்டார். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸும் முதலுதவி பழக்குகிறார்கள். 1990 அம்புலன்ஸ் 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, அதற்கும் ஒரு சதம் இல்லை, தமிழில் கதைக்கலாம். வீதிப் பெயரும் பக்கத்து அடையாளமும் மட்டும் சொல்லத் தெரியவேணும். வதிவிடப் பயிற்சி வைக்கிறவர்கள் வருகைப் பதிவில் இன்னும் மூன்று நிரலைக் கூட்டினால் காணும். வீட்டு நம்பர், ஒவ்வாமை, இப்ப எடுக்கிற மருந்து. ஏற்கெனவே 'ஆண் / பெண்' நிரலைக் கவனமாக நிரப்பத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

எங்கள் கழகத்தில் போன மாதம் இதையெல்லாம் கேட்டுச் சண்டை பிடித்தேன். நேரத்தை நாலரைக்கு மாற்ற ஒத்துக்கொண்டார்கள். கிரிக்கெற்காரர் இன்னும் கதைக்கிறார்கள் இல்லை. பொருளாளர் அக்காவிடம் போய்த் திரும்ப வரச்சொல்லிக் கேட்டேன். "முதல் விளக்கைப் போடுங்கோ தம்பி, பிறகு பாப்பம்" என்றார். கடிதம் கொடுத்து இரண்டு கிழமை. இந்தக் கிழமையும் போய்க் கேட்கவேணும்.