அடுத்த வீட்டுப் பிள்ளையும் நம் சட்டமும்

“கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்செடுத்துடுங்க வாத்தியாரே” என்று சொல்லி மகனைப் பள்ளியில் விட்டுவந்த அப்பாக்கள், ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஊருக்கு நாலு பேராவது இருந்தார்கள். அவர்களில் யாரும் இந்திய தண்டனைச் சட்டத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஆனால், 1860-ல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 89-வது பிரிவு கிட்டத்தட்ட அவர்கள் பேசியதைத்தான் பேசியது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மையைக் கருதி, பாதுகாவலரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது. கொடுங்காயம் மட்டும் கூடாது என்றது அது. கொடுங்காயம் எவை என்று 320-வது பிரிவு போட்ட பட்டியலில் கண்பார்வையை நிரந்தரமாகப் போக்குவது இரண்டாவது இடத்தில் இருந்தது. கண்ணை விட்டுவைக்கச் சொன்ன அப்பா, சட்டத்தின் எல்லைக்கோட்டை அறியாமலே சரியாக வரைந்திருக்கிறார்! 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 89-வது பிரிவு அதில் 27-வது பிரிவாகத் தொடர்கிறது.

இன்னொரு பக்கம், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பறையில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டமோ உடல் தண்டனைக்கு ஒரு நல்ல வரையறையே தருகிறது: தப்புக்குப் பதிலடியாகவோ, ஒழுங்குபடுத்தவோ, திருத்தவோ, ‘எந்த நபரும்’ வேண்டுமென்றே குழந்தைக்கு வலி உண்டாக்குவது. எந்த நபரும் என்றால் அப்பாவும் அம்மாவும் டியூஷன் மாஸ்டரும் அதில் அடக்கம். ஆனால், தண்டனை சொல்லும் 82-வது பிரிவுக்குப் போனால் அங்கே குழந்தைகள் இல்லங்களில் பணிபுரிவோர் மட்டுமே இருக்கிறார்கள். வரையறையில் எல்லோரையும் நிறுத்திவிட்டுத் தண்டனையில் ஒரு சிலரை மட்டும் பிடித்துக்கொள்கிறது சட்டம்.

இப்படித்தான் ஒரே குழந்தையின் உடம்பைப் பற்றி மூன்று சட்டங்கள் மூன்று விதமாகப் பேசுகின்றன. சாதாரண மனிதன் இதில் எதை நம்புவது?

வரையறை தெளிவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் சாட்சி. 2012 நவம்பர் 14-ல் அது நடைமுறைக்கு வரும்வரை, ஒரு சிறுவனுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றே காவல் நிலையம் திணற வேண்டியிருந்தது. போக்சோ, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் ஆண், பெண் பேதமின்றிக் குழந்தை என்றது. ஊடுருவும் தாக்குதல், தொடும் தாக்குதல், தொடாமலே தரும் தொல்லை என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதியது. அப்படி எழுதியும், 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, ஆடைக்கு மேலாகத் தொட்டால் அது பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. பார்க்க வேண்டியது பாலியல் நோக்கத்தைத்தானே தவிர, தோலை அல்ல என்றது. சட்டப் புத்தகத்தில் எழுத்து தெளிவாக இருந்ததால்தான் பத்து மாதத்தில் அந்தப் பிழையைத் திருத்த முடிந்தது.

பாலியல் குற்றத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு புறக்கணிப்புக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத துயரம் இதுதான். அடித்தால் தழும்பு இருக்கும். கவனிக்காமல் விட்டால் என்ன தடயம் இருக்கும்? எடை குறைந்த உடம்பு, புழுத்துப்போன புண், மூன்று மாதமாக வருகைப் பதிவேட்டில் விழும் ‘ஆப்சென்ட்’. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி, 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தது; பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். போக்சோ சட்டம் பிறப்பதற்கு வலுச்சேர்த்தது அந்த அறிக்கை. அதிலேயே பெண் பிள்ளைகளைக் குடும்பம் புறக்கணிப்பது பற்றிய பகுதியும் உண்டு. அது எந்தச் சட்டத்தையும் பெற்றெடுக்கவில்லை.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கினாலோ, கைவிட்டாலோ, ‘வேண்டுமென்றே புறக்கணித்தாலோ’ மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. புறக்கணிப்பு என்றால் என்ன? சட்டம் வாய் திறக்கவில்லை. இந்தப் பிரிவின் வாசகத்தை இங்கிலாந்தின் 1933-ம் ஆண்டுச் சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் சாயல் அப்படியே தெரியும். ஆனால், அந்த ஆங்கிலேயச் சட்டம் அடுத்த வரியிலேயே விளக்கமும் தருகிறது: போதுமான உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம் தராதது புறக்கணிப்பு, தன்னால் தர முடியாதபோது அதைப் பெறுவதற்கான முயற்சியையும் எடுக்காதது புறக்கணிப்பு. நம்மவர்கள் தண்டனையை எழுதிவிட்டு விளக்கத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தியாவுக்குள்ளேயே முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோவா மாநிலம் 2003-ல் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம், கொடுமை என்பது வழக்கமாக நடந்தாலும் ஒரே ஒரு முறை நடந்தாலும் கொடுமைதான் என்றது. சொல்லாலோ செயலாலோ குழந்தையின் கண்ணியத்தைக் குலைப்பது, உணவும் உறைவிடமும் மறுப்பது, காயம்பட்ட குழந்தைக்கு உடனே சிகிச்சை தராமல் வளர்ச்சியைப் பாதிக்கச் செய்வது எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அளவில் நம் மாவட்டங்கள் சிலவற்றுக்குச் சமமான மாநிலம் அது. 1920-லேயே இந்தியாவில் முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் இயற்றிய சென்னை மாகாணத்தின் வாரிசுகள் நாம் ஏன் பின்தங்க வேண்டும்?

இந்த இடத்தில் நியாயமான ஒரு பயம் எழும். வரையறையை விரித்துக்கொண்டே போனால் வலையில் விழுவது ஏழைகள்தானே? திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு இரவு ஷிப்ட் போகும் ஒரு தாய், ஐந்து வயது மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது புறக்கணிப்பா? பூட்டாமல் போனால் மட்டும் பாதுகாப்பா? செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்குப் போகாதது யாருடைய குற்றம்? மறுபுறம், வசதியான அடுக்குமாடி வீட்டில் வேளாவேளைக்குச் சோறும், கையில் ஒரு போனும் கொடுத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாத பெற்றோரை எந்தச் சட்டமும் சீண்டுவதில்லை. 75-வது பிரிவு, தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்ட பெற்றோருக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதே சூழ்நிலையால் கவனிக்க முடியாமல் போனவர்களுக்கு அப்படியொரு வரியை எழுத மறந்திருக்கிறது. கைவிட்டால் மன்னிப்பு, கூடவே வைத்துக்கொண்டு திண்டாடினால் வழக்கு என்று ஆகிவிடக் கூடாது.

இந்தச் சிக்கலுக்கு விடை அதே சட்டத்துக்குள் இருக்கிறது; அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இளைஞர் நீதிச் சட்டத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று 75-வது பிரிவு. அது போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகும் வாசல். இன்னொன்று 2(14). ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ யார் என்று சொல்லும் பகுதி அது. தெருவில் வாழும் குழந்தை, சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, தன்னைக் காயப்படுத்திய அல்லது புறக்கணித்த ஒருவரோடு வசிக்கும் குழந்தை, வயது வருமுன் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட குழந்தை எல்லோரும் இந்த வாசலில் நுழையலாம். இங்கே குற்றவாளி யார் என்ற கேள்வியே முதலில் இல்லை. குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதே கேள்வி. மாவட்டம்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு அதை விசாரிக்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் கொள்ள வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. திருப்பூர்த் தாய்க்குத் தேவைப்படுவது இந்த வாசல்.

ஆனால், நம்மிடம் ‘அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக ஒரு போன் பண்ணுங்கள்’ என்றால் முதல் வாசல் மட்டுமே கண்முன் வருகிறது. “பாவம், ஜெயிலுக்குப் போயிடுவாங்க”, “நமக்கெதுக்கு ஊர் வம்பு”, “பெத்தவங்களுக்கு இல்லாத அக்கறையா?” இந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகளின் கதவைச் சாத்திவைத்திருக்கின்றன என்பதற்குக் கணக்கே இல்லை.

மூன்றாவது வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையின் பசி பெற்றவர்களின் பாடு மட்டுமே என்று இந்த மாநிலம் நினைத்திருந்தால், காமராஜர் காலத்து மதிய உணவு இல்லை, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு இல்லை, 2022-ல் தொடங்கிய காலை உணவும் இல்லை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றி எத்தனை விமர்சனம் இருந்தாலும், பிறந்த பெண் குழந்தையைக் கொல்வதைவிட அரசிடம் கொடு என்று ஒரு ஆட்சி வெளிப்படையாகச் சொன்னது. கட்சி மாறியும் மதிய உணவை யாரும் கைவிடவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிறு ஊரின் பொறுப்பு என்று நாம் எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. அதன் முதுகும் மனசும் மட்டும் எப்படித் தனியார் சொத்தாகும்?

சட்டம் நம் விருப்பத்துக்கு விடாத இடமும் உண்டு. போக்சோ குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், நடக்கப்போவதாகச் சந்தேகம் வந்தால், யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளுக்குள் பஞ்சாயத்துப் பேசி முடிக்கும் நிர்வாகங்கள் இந்த வரியைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்பதையும் அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. இந்தக் கட்டாயத்தில் சங்கடங்களும் இல்லாமல் இல்லை. கர்ப்பமான பதினாறு வயதுப் பெண், டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்து போலி வைத்தியரிடம் போகும் ஆபத்து உண்மையானது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் தன் தகவலில் வெளியிடத் தேவையில்லை என்று சொன்னது நல்ல நடுவழி.

ஆசிரியர்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. ‘மாணவனைத் தட்டிக் கேட்டாலே புகார் என்கிறார்கள், நாற்பது பேர் உள்ள வகுப்பை எப்படி நடத்துவது?’ கேள்வி நியாயமானது. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, அதற்கு ஈடாக ஆலோசகரையும் பயிற்சியையும் பள்ளிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் போராட ஆசிரியர் சங்கங்களோடு பெற்றோரும் நிற்கலாம். ஆனால், பதிவேட்டில் தொடர்ந்து வராத பெயரை முதலில் காண்பவர் ஆசிரியர்தான். எடை குறைவதை முதலில் காண்பவர் அங்கன்வாடிப் பணியாளர். ஆறாத காயத்தைக் காண்பவர் கிராமச் செவிலியர். அவர்கள் கண்டதைச் சொல்வதற்கு அஞ்சாத நிலையை ஊர் உண்டாக்கித் தர வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. 2021-ல் இளைஞர் நீதிச் சட்டத்தில் செய்த திருத்தம், மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாதபடி செய்தது. குழந்தையா மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போகும்? நாடாளுமன்றம் அதைத் திரும்பப் பெற வேண்டும். அடுத்து, புறக்கணிப்புக்கு வரையறை. கோவாவைப் போலத் தமிழக சட்டப்பேரவையும் எழுதலாம். எழுதும்போது வறுமையால் செய்ய முடியாததையும், வசதியிருந்தும் செய்யாததையும் பிரித்து, முன்னதற்கு உதவியையும் பின்னதற்குத் தண்டனையையும் வைக்க வேண்டும். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இதில் சண்டையிட ஒன்றுமில்லை.

பேரவை கூடும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் தலைவர், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், குழந்தைகளின் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்டு கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். பல ஊர்களில் அது ஒரு பதிவேட்டில் சில கையெழுத்துகளாக மட்டுமே உயிர்வாழ்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று எழுந்து கேளுங்கள். பெயர்களையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம்.