ஒரு கிராம் அலுமினியம்

சித்தரேவிலிருந்து பெரும்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே திடீரென ஏதோ பளிச்சிடும். ஓடைத் தண்ணீரோ என்று எட்டிப் பார்த்தால், பிய்த்து வீசிய சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம். புல்லாவெளி அருவி பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன அந்தப் பளபளப்புக்கு, இதே பழனி மலைத்தொடரில் மரியாதையான உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கோபுரத்தில் வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்பும் 60 செ.மீ. கண்ணாடிகளின் முகத்தில் இருப்பதும் அதே அலுமினியப் படலம்தான்.

பி.வி.டி. பூச்சு என்று தொழிலில் சொல்கிறார்கள். உலோகத்தை ஆவியாக்கி, வேறொரு பரப்பில் படியவிடுவது. இட்லிப் பானை மூடியில் நீராவி முத்து முத்தாய்ப் படிகிற அதே இயல்புதான். ஆனால் இங்கே காற்று இடையில் நிற்கக் கூடாது. கலத்தின் அழுத்தத்தை வெளியே இருப்பதில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு இறக்கினால்தான் உலோக அணுக்கள் எதிலும் மோதாமல் நேராகப் போய் ஒட்டும். அணுக்களைச் சூட்டால் ஆவியாக்காமல், ஆர்கான் அயனிகளால் அடித்துத் தெறிக்கவிடும் முறையும் உண்டு. துளைக்கருவி முனையில் காணும் பொன்னிற டைட்டானியம் நைட்ரைடும் பி.வி.டி. வகையறாதான்.

1930-கள் வரை தொலைநோக்கி ஆடிகளுக்கு வெள்ளியைத்தான் ரசாயனக் கரைசலில் பூசினார்கள். அது சில மாதங்களில் கறுக்கும். கலிபோர்னியாவில் இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங் வெற்றிடத்தில் அலுமினியம் பூசிக் காட்டினார். 1935-இல் அங்குள்ள மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கி ஆடியே அதற்கு மாறியது. கொடைக்கானல் 1904 முதல் படமெடுத்துவந்த, சூரியனின் கால்சியம் கே ஒளி 393 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. புற ஊதாவை நெருங்கும் அந்தப் பக்கத்தில் வெள்ளி தளரும், அலுமினியம் தளராது.

எவ்வளவு அலுமினியம் தேவை? படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் வருகிறது. மங்கினால் காஸ்டிக் சோடாவில் கரைத்துக் கழுவிவிட்டு மறுபடி பூசலாம். கண்ணாடி அப்படியே இருக்கும்.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். பாலியெஸ்டர் சுருள் ஒரு குளிர் உருளைமேல் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓட, கீழிருந்து அலுமினிய ஆவி படிகிறது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 கிராம். அது போதும், தாள் வழியே கசியும் ஆக்சிஜன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காப்பித்தூளுக்கு இது சொகுசல்ல. ஆக்சிஜன் பட்டால் காப்பியின் எண்ணெய் சிக்கெடுக்கும், மணம் போகும். பெரும்பாறையிலும் தாண்டிக்குடியிலும் விளைகிற அராபிகாவை இங்கேயே வறுத்து, அரைத்து, சொந்தப் பெயரில் விற்க நினைக்கும் சிறு விவசாயிக்கு இந்தத் தாள்தான் துணை. முழு அலுமினியத் தகட்டோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல் உலோகம் மிச்சம். எனவே பூச்சைத் திட்டுவதில் நியாயமில்லை.

குற்றம் ஒட்டுவதில் இருக்கிறது. பாலியெஸ்டரில் பூசிய அலுமினியத்தின்மேல் பாலிஎத்திலீனைப் பசைபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து உருகாது, எளிதில் பிரியவும் பிரியாது. உள்ளே இருக்கும் அலுமினியமோ, கால் கிலோ பாக்கெட்டில் நூறில் ஒரு கிராம்கூடத் தேறாது. பழைய இரும்புக் கடைக்காரர் ஏன் எடை போடப்போகிறார்?

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்குத் தாள்களை இரண்டே ஆண்டில் ஒழிக்கச் சொன்னன. கெடு முடியும் நேரத்தில், 2018-இல், 'எரிசக்தியாக மீட்க முடியாத', 'மாற்றுப் பயன் இல்லாத' என்று இரண்டு சொற்றொடர்களைக் கூடவே சேர்த்தார்கள். சிமென்ட் சூளையில் எரியக்கூடியதெல்லாம் தப்பித்துக்கொண்டது. பெரும்பாறை வளைவில் கிடக்கும் பாக்கெட்டை எந்தச் சூளைக்கு யார் இறக்கிக்கொண்டு போவார்கள் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. இதைக் கைநழுவல் என்று நான் நினைக்கவில்லை, விட்டுக்கொடுத்தல் என்றே நினைக்கிறேன்.

தீர்வும் அதே வெற்றிடக் கலத்திலிருந்து வருகிறது. எல்லா அடுக்கும் ஒரே பிளாஸ்டிக்காக இருக்க, நடுவில் அலுமினியமோ, கண்ணாடி போலத் தெளிந்த அலுமினியம் ஆக்சைடோ மெல்லியதாகப் பூசினால், காற்றும் தடைபடும், தாளையும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். இத்தகைய தாள்கள் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல், உண்மைதான். தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையமும் தடியன்குடிசை தோட்டக்கலை நிலையமும் செடிக்குச் சொல்லும் யோசனையைப் பைக்கும் சொல்லலாம். அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கை அரசு மானியமாகத் தாங்கலாம்.

அதுவரை, சொந்தப் பெயரில் தூள் விற்கும் மலைக்காரர்கள் அடுத்த முறை பை வாங்கும்போது வியாபாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்தாளும் வெளித்தாளும் ஒரே பிளாஸ்டிக்தானா?